பொலித்தீன் அடித்த மாட்டுக்கொட்டில்

பிக்கரிங் நகருக்கு வடக்கே அக்காவும் அத்தானும் மாட்டுப் பண்ணை வாங்கியபோது, எந்த வேலையும் நிலைக்காத நான் அந்தக் குளிர்காலத்தை அவர்களோடு கழித்தேன். விடிய எழுந்து தொட்டியில் உறைந்த தண்ணீரைக் கோடரியால் உடைப்பேன், சாணம் அள்ளுவேன். கை வெடித்தது, வேலை என்றால் வெடிக்கும்.

ஆத்திரம் வந்தது வேறொன்றுக்கு. பிள்ளைகளுக்குக் காதை மூடித் தொப்பி போடுவதுபோல, அத்தான் கொட்டில் ஜன்னல்களையெல்லாம் பொலித்தீன் அடித்து மூடினார். உள்ளே மூத்திர நெடி கண்ணை எரித்தது. கூரை ஈரம் சொட்டியது. சிவப்புக் கன்று இருமி இருமிப் பால் குடிக்காமல் படுத்துவிட்டது.

"காத்தில்லாமல் சாகப்போகுது அத்தான். உந்தப் பொலித்தீனைக் கழட்டுங்கோ."

"முதல் நீ ஜக்கெற்றைக் கழட்டிப்போட்டு வெளியில நில், பாப்பம்."

அக்கா சிரித்தாள். அத்தான் மிளகும் மஞ்சளும் காய்ச்சிக் கன்றின் வாயில் ஊற்றினார்.

நான் கத்தியால் பொலித்தீனைக் கிழித்தேன். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. அத்தான் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். கன்று எழும்பும்வரை போகமாட்டேன் என்று அதனருகே வைக்கோலில் உட்கார்ந்தேன்.

மறுநாள் பின்னேரம் அது எழும்பிப் பால் குடித்தது.

"பாத்தியே, மிளகு செய்த வேலையை," என்றார் அத்தான்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதிவரை நடந்தேன். அந்த மனிதனோடு இன்றும் பேசுவதில்லை.