நான் வாசித்துச் சொன்ன நாடகங்கள்

என் கணவர் குளியலறைக்குள் தனியே பேசத் தொடங்கியது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய நாட்களில். தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்கும். பிறகு ஒரு முணுமுணுப்பு. ஒரே மாதிரியான சொற்களை அழுத்தி அழுத்திச் சொல்வது போல இருக்கும். நான் கதவருகே போனால் வாளி நிறையும் சத்தம் திரும்பக் கேட்கும்.

“ஆரோட கதைக்கிறீங்கள்?”

“கதைக்கேல்ல. பாட்டு.”

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் பாடி நான் கேட்டதில்லை. துறைமுகத்தில் கப்பல்களைக் கரைக்கு இழுத்து வரும் படகில் அவருக்கு வேலை. எஞ்சின் சத்தத்துக்குள் கத்திக் கத்தியோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அளந்துதான் பேசுவார். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று பாட்டு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் பக்கத்து வீடு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்பா ஒரே வளவை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் கட்டிக் கொடுத்தார். இடையில் ஒரு மதில். அதில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் என் நான்கு வயது மகள் அந்த வழியால் போய் அக்கா வீட்டில் இருப்பாள். என் கவலைகள் மற்ற நேரங்களில் அதே வழியால் போகும்.

“போனைக் குளியலறைக்குள்ள கொண்டு போறவரோ?” என்று அக்கா கேட்டாள்.

“இல்லை.”

“அப்ப பொம்பிளைக் கதையில்லை. பயப்பிடாத.” மீனைக் கழுவிக்கொண்டே சற்று யோசித்தாள். “இல்லாட்டி அவளிட்டச் சொல்லப்போறதை உள்ளுக்க நிண்டு பாடமாக்கிறாரோ தெரியாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அப்போது நான் வாசித்துக்கொண்டிருந்த நாவலும் சரியில்லை. என் அலுவலகம் மூதூரில். பஸ் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேரும்வரை வாசிக்கலாம். பொது நூலகத்தில் எடுத்த அந்த நாவலில் ஒரு மனைவி கணவனின் சட்டைகளை மோந்து பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறாள். நானும் மோந்து பார்த்தேன். டீசலும் உப்பும் மணத்தன. என் சந்தேகம் அவரிடமிருந்து வந்ததா, இந்தப் புத்தகத்திலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பாதியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அடுத்த கிழமை முடிவைத் தெரிந்துகொள்ள அதையே திரும்ப எடுத்தேன். அந்தக் கணவன் குற்றவாளிதான்.

இத்தனைக்கும் அவர் என்னோடு இவ்வளவு நேரம் இருந்த வருடம் வேறில்லை. செய்தியையும் கிரிக்கெட்டையும் தவிர எதற்கும் ரீவிக்கு முன்னால் இருக்காதவர், ஒருநாள் வேலையிடத்து நண்பரிடமிருந்து ஒரு பென் ட்ரைவில் கொரிய நாடகங்களைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“நீர் பாக்கிறனீர்தானே,” என்றார்.

எனக்காகக் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, மகள் பாயில் நித்திரையான பிறகு, இரண்டு பேரும் பார்ப்போம். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அந்த வேகத்துக்கு ஆங்கிலம் வாசிக்க அவருக்கு ஏலாது. அதனால் நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். மாமியாருக்கு ஒரு குரல், முதலாளிக்கு ஒரு குரல், காதலிக்க வெட்கப்படும் பையனுக்கு ஒரு குரல். மகள் எழும்பிவிடாதபடி மெதுவாகச் சொல்ல வேண்டும். அவர் தன் கதிரையை என் கதிரையோடு ஒட்டிப் போட்டுக்கொள்வார். இந்த வருடத்தில் எனக்குப் பிடித்த நேரம் எது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு ஞாயிறு, நான் வாய் திறப்பதற்கு முன் அவர் சிரித்தார்.

மாமியார் மருமகனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வர ஒன்றுமில்லை. எழுத்தை வாசித்து முடித்த பிறகுதான் அது பகிடி என்று எனக்கே விளங்கியது. தற்செயல் என்று விட்டேன். அடுத்த கிழமையும் அப்படியே நடந்தது. ஒருமுறை கதாநாயகி அழத் தொடங்கும் முன்பே அவர், “ஐயோ பாவம்,” என்றார். இவர் இந்த நாடகத்தை முதலே வேறு யாரோடோ பார்த்திருக்கிறார். அந்த ஆளும் பக்கத்தில் இருந்து, குரல் மாற்றி மாற்றிச் சொல்லியிருப்பாள். குளியலறை முணுமுணுப்பு, சனிக்கிழமை காலை ஓவர்டைம் என்று போவது, எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன.

கண்டுபிடிக்கும் வழியைத் தந்தது மகள். இரவில் அவளுக்குப் படப் புத்தகம் வாசிக்கும்போது, நித்திரை மயக்கத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டினால், “அம்மா, யானை குளிக்கேல்ல,” என்பாள். எழுத்து தெரியாத பிள்ளை. கதை தெரிந்ததால் பிடித்துவிடுகிறாள்.

அடுத்த ஞாயிறு புதிய நாடகம் ஒன்றைப் போடச் சொன்னேன். முதல்நாள் இரவுதான் ஒளிபரப்பாகி, காலையில் நான் டவுன்லோட் பண்ணி வைத்த பாகம். யாரோடும் முதலே பார்த்திருக்க முடியாது; இதிலும் பிடித்தால் மொழியே தெரிந்திருக்க வேண்டும். கதாநாயகி கணவனின் மேசையில் சாவியை வைத்துவிட்டு, தான் தாய் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். நான் மனதுக்குள் வாசித்தேன். பிறகு என் சாதாரணக் குரலில், “தனக்குப் பசிக்குதாம், நூடில்ஸ் வேணுமாம்,” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “தாய் வீட்ட போறன் எண்டெல்லோ சொல்லுறாள்?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கு விளங்கியது. நான் ரீவியை நிறுத்தினேன்.

“கொரியப் பாசை எங்க பழகினீங்கள்?”

“இஞ்சருமப்பா, பிள்ளை எழும்பப்போகுது.”

“எழும்பட்டும். எங்க பழகினீங்கள்?”

டவுனில் ஒரு வகுப்பு. சனிக்கிழமை ஓவர்டைம் என்பது அதுதான். படகில் வேலை செய்யும் இன்னொருவரும் வருகிறாராம். கொரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எழுத வேண்டிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். கேட்டுப் பழக நாடகம் பார்க்கச் சொன்னது அந்த வகுப்பு ஆசிரியர்.

வேறு பெண் இல்லை என்பதில் எனக்கு வந்திருக்க வேண்டிய நிம்மதி வரவில்லை. “அப்ப எனக்காகப் போடேல்ல,” என்றேன்.

“ரெண்டுக்கும்தான்.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

“ஃபெயில் ஆனா வெக்கம்.”

“எதுக்குப் போகோணும்? இஞ்ச வேலை இருக்கு, வீடு இருக்கு.”

“வீடு உம்மட,” என்றார். பாயில் கிடந்தவளைக் காட்டினார். “இவளுக்கு?”

“நாலு வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளையும் பாத்திட்டீங்களோ?”

“அவனும் எங்கையாவது பிறந்திருப்பான். வீடு ஒரு நாளில எழும்பாது.”

இந்த வீட்டையே அவளுக்குக் கொடுப்போம், நாங்கள் பின்னால் ஓர் அறை போட்டு இருப்போம் என்றேன். இங்கே வயதான தாய் தகப்பன் செய்வது அதுதானே. அவர் ஏலாது என்று தலையை ஆட்டினார். அவருக்கு இரண்டு தங்கைகள். இருவருக்கும் நிலாவெளியில் வீடு கட்ட உழைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு உடுப்புப் பையோடு என் வீட்டுக்கு வந்தவர். “உம்மட கொப்பர் கட்டின வீட்டைக் குடுத்திட்டு, நான் தகப்பன் எண்டு என்னத்தைச் சொல்லுறது?” என்று கேட்டார். ஒரே நேரத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் வந்தது. “என்னடி, ஆரவள்?”

“ஒருத்தியுமில்லை. கொரியாவாம்.”

“அது பொம்பிளையிலும் பெரிய கரைச்சலெல்லோ,” என்றாள் அக்கா.

பரீட்சையை எழுதச் சொன்னேன். நல்ல மனைவியாக நடந்துகொண்டேன் என்று அக்காவுக்கு எண்ணம். உண்மை என்னவென்றால், எழுதினால் சித்தியடைய மாட்டார் என்று நினைத்தேன். வேண்டாம் என்று தடுத்தால், காலம் முழுவதும் அவர் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வையிலும் அந்தக் குறையைத் தேடிக்கொண்டிருப்பேன் என்றும் தெரியும். அவர் கொழும்புக்கு எழுதப் போன அன்று கோயிலில் நின்று என்ன கேட்பதென்று தெரியாமல் திருநீறை மட்டும் பூசிக்கொண்டு வந்தேன்.

சித்தியடைந்தார். சித்தியடைந்தவர்கள் எல்லோருக்கும் வேலைக்கு அழைப்பு வருவதில்லை என்றார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாரி தொடங்கியது. மதிலில் பாசி ஏறியது. டவுனுக்குள் திரியும் மான்கள் மழைக்கு எங்கள் வாசல் கூரைக்குள் வந்து ஒதுங்கி, மகள் நட்ட கீரையைத் தின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் பார்ப்பதை எப்போது விட்டோம் என்று ஞாபகமில்லை. வாசிப்பதும் குறைந்துபோனது. பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்து வைத்தபடி, கொரியாவில் குளிர் எவ்வளவு, அங்கே தவறுதலாகக் கை இயந்திரத்துக்குள் போனால் யார் பார்ப்பார்கள், மகள் அவர் முகத்தை எத்தனை வயதுவரை ஞாபகம் வைத்திருப்பாள் என்று போய்க்கொண்டிருப்பேன். இறங்கும்போது அதே பக்கம்தான் திறந்திருக்கும்.

போன கிழமை அழைப்பு வந்தது. குசினியில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று சொன்னார்: ஒரு படகுத் தொழிற்சாலை, தை மாதம் பயணம், சம்மதம் என்றால் நாளைக்கே அறிவிக்க வேண்டும்.

“அறிவியுங்கோ,” என்றேன்.

அவர் போகவில்லை. அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை இந்த வருடம் முழுவதும் பார்த்த மாதிரியான பார்வை அது.

“என்ன, இவ்வளவு கெதியா?” என்று கேட்டார்.

“வேற என்ன சொல்லுறது?”

“போகாதேங்கோ எண்டு சொல்லுவீர் எண்டு நினைச்சனான்.”

“சொன்னா நிண்டிருப்பீங்களோ?”

யோசித்தார். பொய் சொல்ல நேரம் இருந்தும் சொல்லவில்லை.

“இல்லை.”

“பிறகென்ன?”

“எண்டாலும் நீர் சொல்லியிருக்கலாம்.”

துருவியதை ஒதுக்கி வைத்தேன். கையெல்லாம் தேங்காய்ப் பூ.

“போகாதேங்கோ,” என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டதாகத் தலையை ஆட்டினார். பிறகு உள்ளே வந்து, மிச்சத் தேங்காய்ப் பாதியை எடுத்து, துருவத் தொடங்கினார்.