சுரங்கத்துக்குள் ஒரு விலாசம்

நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்ப மாட்டீர்கள்; இது என் உறுதிமொழி.

பர்மா சண்டையில் ஒரு காது போன நம் காவலாளி மாணிக்கம், பென்ஷன் கேட்பதற்காகத் தன் பட்டாளப் பதிவின் நகலுக்கு எழுதிப் போட்டிருந்தார். பட்டாள ஆபீசில் அந்த நகலைப் பதிவில் இருந்த சொந்த ஊர் விலாசத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அந்த ஊர் இருந்த இடம் இப்போது நம் திறந்தவெளிச் சுரங்கம்.

இன்று காலை தபால்காரர் குழியின் விளிம்பில் தயங்கி நின்றார்.

"சட்டப்படி ஊரே இல்லன்னு இதத் திருப்பி அனுப்பணும்ங்க. வூடு எங்க இருந்துச்சுன்னாவது காட்டுங்க, கொடுத்துடுறேன்!" என்று மாணிக்கத்தின் நல்ல காதில் கத்தினார்.

"அதோ, மிஷின் தோண்டிக்கினு இருக்குதே, அங்கதாங்க."

உடனே கோபுரத்தைவிட உயரமான அந்த மிஷின் தலை தாழ்த்தியது. பூமிக்குள்ளிருந்து பாண்டு வாத்தியம் முழங்கியது.

சரி, மிஷின் தலை தாழ்த்தியதும் பாண்டும் என் கைச்சரக்கு. கடிதத்தை வாங்கிக்கொண்ட மாணிக்கம், குழியைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தது மட்டும் நிஜம்.

நம்பாதவர்கள் சண்டைக்கு வரலாம், கேன்டீனில்தான் இருக்கிறேன்.