எடை ஏறிய நாட்கள்

மாரியம்மனை நம்பும் உறவுகளே, பைபாஸ் அறுவை முடிந்து மலேசியாவின் கேமரன் மலைக்குத் திரும்பிய நாட்களில் நான் செத்துக் கிடந்திருந்தாலும் யாருக்கும் உடனே தெரிந்திருக்காது. கோபத்தில் சொல்லவில்லை. நிலைமை அப்படி.

என் பெயர் சுப்பையா. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மனைவி காலமாகிவிட்டாள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக டவுனுக்குப் போய்விட்டன. இப்போது சுற்றிலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நல்லவர்கள்தான், ஆனால் பெரும்பாலானவர்களின் பேச்சு எனக்குப் புரியாது.

அறுவை கோலாலம்பூரில் நடந்தது. இதயத்தை நிறுத்திவிட்டு ரத்தத்தை மெஷின் வழியாக ஓட்டினார்கள். கண் விழித்தபோது முகமும் கைகால்களும் ஊதியிருந்தன. பக்கத்துக் கட்டில்காரருக்கு இதயம் துடிக்கும்போதே செய்தார்களாம். அவருக்கு அவ்வளவு வீக்கமில்லை. எனக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை என்று குமைந்தேன். மெஷினில் ஓடும்போது உடம்பில் நீர் கூடுதலாகச் சேரும், சதைக்குள் கசியும், மாத்திரையில் இறங்கிவிடும் என்றார் டாக்டர். இறங்கியது. பிறகு கண்ணாடியில் பார்த்தால் எலும்பும் தோலும்தான் மிச்சம்.

தினமும் எடை பார்க்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடினால் என்ன செய்வது என்றும் சொல்லியிருப்பார்கள். என் காதில் ஏறவில்லை.

வீட்டில் எடை மெஷின் கிடையாது. காலையில் மெல்ல நடந்து தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் போவேன். அங்கே நிறுப்பவர் ரஹீம். பங்களாதேஷ்காரர், ஏறக்குறைய என் வயது, இங்கேயே இருந்து தமிழ் பேசப் பழகியவர். மூட்டைகள் வருமுன் என்னை ஏற்றி நிறுத்தி, அண்ணன் எந்தத் தரத்துக் கொழுந்து என்று கேலி செய்வார். நாள் முழுக்க நான் ஒரு மனிதரோடு பேசுவது அவ்வளவுதான்.

சாயங்காலம் விளக்கேற்றி ஒன்றே ஒன்று கேட்டேன். தாயே, உடம்பைத் தேற்றிக் கொடு. எடை ஏற ஆரம்பித்தது. தினமும் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் மகனிடம் சொன்னேன். நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் போல என்று அவனும் சந்தோஷப்பட்டான். பொங்கல் வைப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். கால் வீங்கியது. இதயத்தில் வைக்க ரத்தக்குழாய் எடுத்த கால்தானே என்று விட்டேன். மற்றக் காலும் வீங்கியது. குளிர் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் விடிந்தபோது படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. எழுந்து நாலு எட்டு வைக்கவும் தெம்பில்லை. போனில் லைன் இல்லை. குழந்தைபோல் அழுதேன். மகனை அனுப்பு தாயே என்றேன். அவன் எப்படி வருவான்? கடைசியில், யாரையாவது அனுப்பு என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். ரஹீம்தான். தராசுக்கு என்னைக் காணோமே என்று தேடி வந்திருக்கிறார். உள்ளே வந்தவர் என் காலை விரலால் அமுக்கினார். குழி விழுந்தது. மூடவே இல்லை.

“அண்ணே, இது சதை இல்லலா. தண்ணி. எங்கம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான் இருந்துச்சு. நான் இங்க கிடந்தேன், போக முடியல.”

கொழுந்து லோரியில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். அறுவையை மெஷின் வைத்துச் செய்திருந்தாலும் வைக்காமல் செய்திருந்தாலும் எடை திடீரென்று ஏறினால் அது நீராக இருக்கலாம், உடனே வரவேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் திட்டினார். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேனாம்.

எடை ஏறியதும் வேண்டுதல் பலித்தது என்று நம்பியவன் நான். உண்மையில் பலித்தது அந்தக் காலையில்தான். அதற்காகவே பொங்கல் வைத்தேன். சாமிக்குப் படைத்ததை ரஹீம் சாப்பிடமாட்டார் என்று அவருக்கு வீட்டில் தனியாகச் சமைத்துப் போட்டேன்.

தனிமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பனி இறங்கினால் வீடு இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் லயத்தில் எல்லார் பெயரும் இப்போது எனக்குத் தெரியும். ஒருவரைக் காணவில்லை என்றால் போய்ப் பார்க்கிறேன்.

தனியாகக் கிடப்பவர்களே, அம்மனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள்.