பூப்பொட்டலம் நழுவிய கை

ஜெயப்பிரியாவின் வீடு திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், ஊருக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. மாடி வைத்த பெரிய வீடு. அதில் பெரும்பாலும் அவள் ஒருத்திதான். கணவன் ஈஸ்வர் போர்வெல் லாரியோடு வடக்கே போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவான். மகன் சபரிநாதன் நாமக்கல்லில் விடுதிப் பள்ளியில் படிக்கிறான். அங்கே பிள்ளைகள் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிறு அன்று வார்டனின் போனில், வரிசை வரும்போது பேசலாம். அது காலையிலும் வரும், மாலையிலும் வரும்.

ஈஸ்வரும் அப்படித்தான். டவர் கிடைக்கிற இடத்தில் லாரி நின்றால்தான் அழைப்பான். எனவே போன் எந்நேரமும் அவள் கையில் இருந்தது. சும்மா எப்படி வைத்திருப்பது? கோலம், குழம்பு, யார் வீட்டுச் சண்டையோ என்று வீடியோக்கள் கட்டைவிரலுக்கடியில் ஓடிக்கொண்டே இருந்தன.

கல்யாணமான புதிதில் கோழித் தீவனக் கம்பெனியில் அவளுக்குக் கணக்கு வேலை கிடைத்தது. "நம்மூட்டுப் பொம்பளைக வேலைக்குப் போற அளவுக்கு என்ன கொறையாம்?" என்று மாமியார் சென்னியம்மாள் கேட்டார். அவள் படித்த பி.காம். பீரோவுக்குள் போனது. இன்று அதே ஊர், 'சும்மா போனையே நோண்டிக்கிட்டிருக்கா' என்கிறது.

முதலில் கழுத்து வலித்தது. உடம்பு பெருத்தது, தூக்கம் கெட்டது. பிறகு வலது கையின் கட்டைவிரலும் அடுத்த விரல்களும் மரத்துப்போயின. ஒருநாள் கொதிக்கும் பால் பாத்திரம் கையைவிட்டு நழுவியது. நல்லவேளை, காலில் படவில்லை.

அடுத்த தெருவில் பெரிய மகன் வீட்டிலிருந்த சென்னியம்மாள் வந்து பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போறதா வேண்டாமான்னு சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம், அம்மிணி."

கோயிலில் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் வெள்ளை அரளியை இன்னோர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்தார்கள். சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி. வெள்ளை என்றால் சாமியே பார்த்துக்கொள்ளும். ஜெயப்பிரியா ஒன்றை எடுத்தாள். விரல்களுக்குப் பிடிப்பு இல்லை. பொட்டலம் நழுவித் தரையில் பிரிந்தது. சிவப்பு.

"கீழ உழுந்தது செல்லாது. மறுக்கா எடு," என்றார் பூசாரி.

மறுபடி கலைத்து வைத்தார்கள். இந்த முறை இரண்டு கையாலும் எடுத்தாள். வெள்ளை.

சென்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு பூப்பொட்டலத்தைப் பிடிக்க முடியாத கையை அத்தனை பேரும் பார்த்தார்கள். அத்தனை பேரும் பூவின் நிறத்தைத்தான் பார்த்தார்கள். நரம்பு அமுங்கும்போது எந்த அம்மனின் உத்தரவையும் கேட்பதில்லை.

சில மாதம் கழித்து அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா அவள் உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றியிருந்த பள்ளத்தை அழுத்திப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"வேலை ஒண்ணும் இல்லீங்க. ஊட்லதான்."

"போன் எவ்வளவு நேரம்?"

ஜெயப்பிரியா மடியிலிருந்த போனைப் பைக்குள் வைத்தாள்.

"மணிக்கட்டுல நரம்பு அமுங்கியிருக்கும்மா. முன்னாடியே வந்திருந்தா மணிக்கட்டுக்குப் பட்டை போட்டே சரியாயிருக்கும். இப்ப ஆபரேஷன் பண்ணாலும் போன சதை முழுசா வருமான்னு சொல்ல முடியாது. முதல்ல போனைக் கீழ வைங்க."

மணிக்கட்டுப் பட்டையோடு வீடு திரும்பியவள் போனை அலமாரியில் வைத்தாள். அன்று மாலையே ஈஸ்வர் அழைத்தான்.

"ரிங் போயிட்டே இருக்குது. எங்க போயிருந்த?"

"ஊட்லதானுங்க இருந்தேன்."

"கையிலயே வெச்சிருக்கறவளுக்கு எடுக்க இத்தன நேரமா?"

கை விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாள். டவர் போய்விட்டது.

ஞாயிறு மதியம் சபரிநாதன் பேசினான். "அம்மா, லீவுக்கு வாரப்ப முறுக்குச் சுடறீங்களா?"

"சுடறேன் சாமி. நீ..."

பின்னால் அடுத்த பையன் அவசரப்படுத்தினான். அழைப்பு முடிந்தது. அவள் கட்டைவிரல் பழக்கத்தில் திரையைத் தள்ளப் போனது. போனைக் கவிழ்த்து அலமாரியிலேயே வைத்தாள்.

அடுப்படிக்குப் போய் முறுக்கு அச்சை எடுத்தாள். மாவில்லாமல் அழுத்திப் பார்த்தாள். வலது கை அச்சை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, இடது கை மெல்ல அழுத்தியது. மரக்கட்டை உள்ளே இறங்கும் சத்தம் வெறும் வீட்டில் கேட்டது. பாதியில் கை ஓய்ந்து நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.