தரையில் விடாத பிள்ளை

ராஸ்லின் சமைத்துப் போட்ட கொட்டகைகள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற ஆட்களுக்குச் சமைப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? விடியுமுன் சாப்ஸும் முட்டையும், ஒன்பதரைக்குத் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும், பன்னிரண்டுக்கு மறுபடி ஆட்டிறைச்சி, மூன்றுக்கு மறுபடி தேநீரும் கேக்கும், பொழுது சாய்ந்தால் ரோஸ்ட். ஒரு வேளை உப்புக் குறைந்தாலும் பன்னிரண்டு தடியன்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்த வேலையில் பத்தொன்பது வயதில் இறங்கியவள் அவள். கிரேவி தண்ணீராக இருக்கிறதென்று முணுமுணுத்த ஒருவனின் தட்டைப் பிடுங்கி அவன் கண் முன்னாலேயே நாய்க்கு வைத்தாள். அதற்குப் பிறகு பால்ரனால்ட் வட்டாரத்தில் அவள் கிரேவியைப் பற்றி ஒருவனும் வாய் திறந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் பதின்மூன்று மாதத்துப் பிள்ளையின் குதிகாலைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் பெயர் ரோரி. தகப்பன் டாரில் அதே குழுவில் ரோமம் கத்தரிக்கிறவன், யாரோடும் வம்புக்குப் போகாதவன். ராஸ் என்று எல்லோரும் கூப்பிடும் ராஸ்லினுக்கு முப்பத்து மூன்று வயதில், இனி எங்கே என்று இருந்தபோது பிறந்த பிள்ளை. அவனையும் தூக்கிக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போனார்கள். பத்து நாள் ஓரிடம், இரண்டு வாரம் ஓரிடம். போகிற இடமெல்லாம் சமையலறையில் கொதிக்கிற அண்டா, வெளியே வந்தால் முள், தங்கும் விடுதிக்கு அடியில் பழுப்புப் பாம்பு. இதில் பிள்ளையை எங்கே கீழே விடுவது? யார் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கையில் ரோரி இருந்தான்.

ஹேமிதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரிப் பழங்குடிக்காரன், ஐம்பது வயது, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. கத்தரிக்கிறவன் நாளெல்லாம் குனிந்தே நிற்க வேண்டும். முதுகு ஒடியாமலிருக்க உத்தரத்திலிருந்து ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைத் தொங்கவிட்டு, அதில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ஹேமி தன்னுடைய பழைய பட்டையை வெட்டி, ரோம மூட்டைத் துணியை வைத்துத் தைத்து, பிள்ளையின் அளவுக்கு ஒன்று செய்தான். தன் பட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டான். நாலு மாதத்தில் அதில் ஏறியவன்தான் ரோரி. இயந்திரச் சத்தம் கேட்டால் போதும், நுனிக்காலால் தரைப் பலகையை உதைத்து உதைத்துக் குதிப்பான், எச்சில் ஒழுகச் சிரிப்பான். ஆடுகளின் கணக்கு எழுதுகிற கரும்பலகையில் எல்லோர் பெயருக்கும் கீழே அவன் பெயரையும் எழுதி, எத்தனை தடவை குதித்தான் என்று போட்டுவைத்தார்கள். "இன்னிக்கும் என்னைத் தாண்டிட்டான் பயல்" என்று டாரில் சலித்துக்கொள்வான். பெருமை தாங்காது அவனுக்கு. ஹேமி பிள்ளையை மொகோ என்றுதான் கூப்பிடுவான். அவன் ஊர்ப் பக்கம் பேரனை அப்படித்தான் சொல்வார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ரோமம் கத்தரிக்க இந்தக் குழுவைக் கூட்டிப்போகிற குத்தகைக்காரரின் மகள் தன் குழந்தையோடு ஒரு நாள் கொட்டகைக்கு வரும்வரை. ரோரியைவிட மூன்று வாரம் இளையது அந்தப் பெண் குழந்தை. மேசைக் காலைப் பிடித்து எழுந்தது, நாலு அடி வைத்தது, ராஸின் மாவு டப்பாவில் கை விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ராஸும் சிரித்தாள். சிரித்த கையோடு உள்ளறைக்குப் போய் ரோரியைக் கட்டிலில் உட்காரவைத்துப் பார்த்தாள். மூட்டை சாய்வதுபோல் பக்கவாட்டில் சாய்ந்தான். குப்புறப் போட்டாள். கையை ஊன்றவில்லை, முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டு அழுதான். தவழ்வதற்கான அறிகுறியே இல்லை. தூக்கி நிறுத்தினால் மட்டும் விறைப்பாக நின்றான், அதுவும் குதிகால் கீழே படாமல் விரல் நுனியில்.

அந்த விரல் நுனிதான் அவளைக் கொன்றது. அவள் அண்ணன் கிரெய்க் அப்படித்தான் நடந்தான்.

கிரெய்க்கும் எல்லாவற்றிலும் தாமதம். நடந்தபோது நுனிக்காலில் நடந்தான். நாட்டியக்காரனாக வருவான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஏழு வயதில் படியேற முடியவில்லை, பதினொன்றில் சக்கர நாற்காலி, இருபதில் போய்விட்டான். தசை ஒவ்வொன்றாகக் கரைந்துபோகிற நோய் அது. தாய் வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது. அடக்கம் முடிந்ததும் டாக்டர் ராஸிடம் தனியாகச் சொன்னார், பிற்காலத்தில் பிள்ளை பெற்றுக்கொள்ள நினைத்தால் முதலில் வந்து சோதித்துக்கொள் என்று. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது எங்கே மனதில் நிற்கும்? நின்றதுதான், பொய் சொல்வானேன். நின்றதால்தான் அவள் போகவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். டாரிலிடம், அண்ணன் நெஞ்சுச் சளியில் போய்விட்டான் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள்.

பிறகு அவள் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை. மாவு பிசையும்போதும் பிள்ளையின் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தாள். கிரெய்க்குக்குக் கெண்டைக்கால் கல்லாக இருக்கும். இவனுக்கும் கல்லாகத்தான் இருந்ததா, அவள் கைக்குத்தான் அப்படித் தெரிந்ததா? பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அமுக்கினால் யார் காலும் சிவக்கத்தான் செய்யும். ஸ்கோன் கருகியது. ஒருவனும் வாய் திறக்கவில்லை, கருகலைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

அந்தக் கொட்டகையில் வேலை முடிந்ததும் டாரில்தான், பால்ரனால்டில் நர்ஸிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்றான். குழந்தைகளைப் பார்க்கிற நர்ஸ் ஐரீன், ராஸுக்குத் தெரிந்தவள்தான். ரோரியை மேசையில் கிடத்தி, காலை மடக்கி நீட்டி, குதிகாலைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தாள். கெண்டைக்கால் இறுகியிருக்கிறது என்றாள்.

நர்ஸ் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "குடும்பத்துல யாருக்காவது தசை சம்பந்தமான நோய் ஏதும் இருந்துச்சா? ரெண்டு பக்கமும்."

டாரில் பக்கத்தில் நின்றுகொண்டு பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். "எங்க பக்கம் மூளை கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்" என்றான்.

"எங்க பக்கமும் யாருமில்ல" என்றாள் ராஸ்.

சொல்லிவிட்டாள். நர்ஸும் எழுதிக்கொண்டாள். அடுத்து, தரையில் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள் என்று கேட்டாள். டாரிலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஹேமி தைத்த பட்டை, உத்தரம், ஸ்பிரிங், ஒரு நாளைக்கு எத்தனை குதி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். நர்ஸின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நிறுத்தினான். ஒன்பது மாதம் பிள்ளையைத் தொங்கவிட்டே வளர்த்தீர்களா என்று அவள் பிடித்துக்கொண்டாள். கையை ஊன்றவோ புரளவோ இடமே கொடுக்காமல், நுனிக்காலால் உதைக்க மட்டும் பழக்கிவிட்டு, தவழவில்லை என்று வந்து நின்றால் எப்படி? அந்தப் பட்டையை இன்றைக்கே கழற்றுங்கள், தரையில் விடுங்கள், அழுதாலும் தூக்காதீர்கள், பதினைந்தாம் மாதம் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

வண்டியில் டாரில் சீட்டியடித்துக்கொண்டே வந்தான். விஷயம் இவ்வளவுதானே என்று அவனுக்கு நிம்மதி. ராஸுக்கு அந்த நிம்மதியில் பாதிகூட ஒட்டவில்லை. நர்ஸ் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அவள் சொன்னது ராஸ் சொன்ன பொய்யின் மேல் ஏறி நின்றுகொண்டல்லவா சொன்னது?

அடுத்த கொட்டகையில் விடுதியின் சாப்பாட்டு அறைத் தரையை மூன்று தடவை தேய்த்துக் கழுவினார்கள். ரோம மூட்டைத் துணிகளை விரித்து ரோரியை அதன் மேல் விட்டார்கள். அவனா சும்மா இருப்பான்? கொட்டகையில் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தான் மட்டும் மல்லாந்து கிடக்கிறோம் என்று தெரிந்து ஊரைக் கூட்டினான். தேநீர் வேளையில் வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவர்கள், பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாமல் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனார்கள்.

ஹேமி உள்ளேயே வரவில்லை. சன்னலோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். பட்டை தைத்தவன் அவனல்லவா? பிள்ளைக்கு இப்படி ஆனது தன்னால்தான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். டாரில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. தன்னுடைய பட்டையையும் உத்தரத்திலிருந்து கழற்றி எறிந்துவிட்டு, வெறும் முதுகோடு குனிந்து கத்தரிக்க ஆரம்பித்தான். ஐம்பது வயது முதுகு, ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஆடு. மூன்றாம் நாள் மாலை வேலை முடிந்தும் அவனால் நிமிர முடியவில்லை. கூனிக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ராஸ், மொகோ நடக்கலேன்னா என்னை மன்னிப்பியா?"

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு என்ன சொன்னாள் என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. போய்ப் படு, வெந்நீர் கொண்டுவருகிறேன் என்று ஏதோ சொல்லியிருப்பாள். ஆனால் அந்த முதுகைப் பார்த்த பிறகு அவளால் ஒரு கிழங்குகூட உரிக்க முடியவில்லை. தான் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு அந்த மனுஷன் தண்டனை அனுபவிக்கிறான். சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கத்தியை வைத்துவிட்டு, கொட்டகைப் படியில் உட்கார்ந்து கத்தரிக்கிற இயந்திரத்தின் சீப்பைத் தீட்டிக்கொண்டிருந்த டாரிலிடம் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

டாரில் சீப்பைப் படியில் வைத்தான்.

"உங்கண்ணன் நெஞ்சுச் சளியில போனான்னுதானே சொன்ன?"

"சளியிலதான் போனான். அது கடைசியில வந்தது."

"எனக்குத் தெரிஞ்சா ஓடிப்போயிடுவேன்னு நெனச்சியா?"

"ஆமா."

அவன் முகம் சுருங்கிப்போனது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். எழுந்து உள்ளே போய் ரோரியைத் தரையிலிருந்து தூக்கினான். தூக்கக் கூடாதென்று நர்ஸ் சொல்லியிருந்தாள், அதையெல்லாம் அவன் பார்க்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, காலையில் பால்ரனால்ட் போகிறோம் என்று மட்டும் சொன்னான். அன்றிரவு அவளோடு அவன் பேசவில்லை.

மறுநாள் நர்ஸிடம் ராஸ்தான் சொன்னாள், நான் பொய் சொல்லிவிட்டேன் என்று. நர்ஸ் முன்பு எழுதியதை அடித்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். பிஞ்சுக் கையில் நரம்பு அகப்படாமல் மூன்று தடவை குத்தினார்கள். தசை கரைந்தால் ரத்தத்தில் தெரிந்துவிடும், இந்த வயதில் ரத்தம் சுத்தமாக இருந்தால் அந்த நோய் இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ரத்தம் சிட்னிக்குப் போய் வர எட்டு நாளாகும், பண்ணை வீட்டுக்குப் போன் செய்கிறேன் என்றார்.

எட்டு நாள். கொட்டகை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது, ராஸே சொல்லிவிட்டாள். ஹேமியிடம் முதலில் சொன்னாள். பட்டை ஒன்றும் செய்யவில்லை, என் ரத்தம்தான் செய்திருக்கும், உன்னுடையதை எடுத்து மாட்டிக்கொள் என்றாள். அவன் தலையாட்டினான், மாட்டிக்கொள்ளவில்லை. டாரில் இரண்டாம் நாள் பேச ஆரம்பித்தான், பிள்ளையைப் பற்றி மட்டும். அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். கிழவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானும் அவன் காலை இப்படித்தான்டி அமுக்கிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அது ராஸுக்கு என்ன ஆறுதல்? அன்றிரவும் ரோரியின் காலை அமுக்கிப் பார்த்ததுதான் மிச்சம். ஐந்தாம் நாள் ரோரி குப்புறக் கிடந்து ஒரு கையை ஊன்றினான். எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். கிரெய்க்கும் கை ஊன்றினவன்தான், ஆறு வயதில் ஓடக்கூட ஓடினவன் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

ஒன்பதாம் நாள் மாலைத் தேநீர் நேரத்தில் பண்ணைக்காரரின் மனைவி காரில் வந்து, போன் வந்திருக்கிறது என்றாள். டாரில் எழுந்தான். மறுபடி உட்கார்ந்துகொண்டான். நீயே போ என்று கையைக் காட்டினான். ராஸ் மாவுக் கையோடு காரில் ஏறினாள். திரும்பி வரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அறையில் ஒருவன்கூடத் தேநீரைத் தொட்டிருக்கவில்லை. தரையில் ரோரி மட்டும் கத்திக்கொண்டிருந்தான்.

அவள் வாசலில் நின்றாள். "ரத்தம் சுத்தமா இருக்காம். அந்த நோய் இல்லையாம். தரையில விட்டா எல்லாம் தானா வந்துடும்னு டாக்டர் சொல்றார்."

டாரில் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சுவரோரமாக நின்ற ஹேமிக்குத்தான் விஷயம் மெதுவாக உறைத்தது.

"அப்படின்னா," என்றான், "என் பட்டையாலதானா?"

"ஆமாண்டா, தடியா," என்றாள் ராஸ். நேரே போய் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உன் பட்டையாலதான். வேற ஒண்ணுமே இல்ல. உன்னாலதான், ஹேமி, எல்லாம் உன்னாலதான்." சொல்லச் சொல்ல அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், மாவெல்லாம் அவன் சட்டையில் அப்பியது. ஹேமிக்கும் கண்ணீர் கொட்டியது. ஆமாம், என்னாலதான், என்னாலதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.