நாலு மணிக்குள் அரக்கு

முசிறியிலிருந்து கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெண்ணின் முகூர்த்தப் புடவை முதல் நாளே உறவுக்காரர் ஒருவர் கையில் வந்துவிட்டது. நல்ல அரக்கு, பச்சைக் கரை. முன்பு வேறெங்கோ போட்ட ஆல்பத்தில் அது தக்காளிச் சிவப்பாக வந்ததாம். புடவை நிறம் இம்மி மாறினாலும் வாங்க மாட்டேன் என்று பெண்ணின் அம்மா போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

என் மருமகள் தில்லைநகரில் ஒரு போட்டோ லேபில் ஒன்பது வருஷம் இருந்தவள். இந்த ஆடி கழிந்ததும் வேலையை விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் முன்னறையில் கட்டில் அகலத்துக்கு ஒரு பிரிண்டரை இறக்கினாள். முசிறி ஆல்பம்தான் முதல் பெரிய வேலை. இதுவும் சொதப்பினால் பழைய லேபுக்கே போய்விடுவேன் என்று அவள் என் பிள்ளையிடம் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. காது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

அவள் வேலை எனக்குப் புரிந்தது இப்படி. திரையில் தெரிகிற நிறம் அப்படியே பேப்பரில் விழாது. இந்தப் பிரிண்டரும் இந்தப் பேப்பரும் சேர்ந்தால் எந்த நிறம் எப்படி வரும் என்று ஒரு ஜாதகம் உண்டு. அதற்குப் புரொஃபைல் என்று பெயர். திரைக்கும் தனியாக ஒன்று. அதைக் கணிப்பதற்கு எலி மாதிரி ஒரு கருவி வைத்திருக்கிறாள். திரைமேல் தொங்கவிட்டால் அது தன் ஒற்றைக் கண்ணால் ஒவ்வொரு நிறமாகப் பார்த்து, திரை எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்திவிடும். எனக்குக் கல்யாணம் பேசினபோது இப்படி ஒரு எலி இருந்திருந்தால் என் மாமியார்மேல் தொங்கவிட்டுப் பார்த்திருப்பேன்.

பன்னிரண்டு மணிக்கு முதல் பிரிண்ட் வந்தது. திரையில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி பளிச்சென்று இருக்கிறது. பேப்பரில் மஞ்சள் தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி இருக்கிறது. அரக்கு செங்கல்லாகிவிட்டது. ஐயர் முகத்தைப் பார்த்தால் உடனே கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கத் தோன்றும்.

மருமகள் மையைச் சோதித்தாள், பேப்பரை மாற்றினாள், பிரிண்டரின் ஜாதகத்தைத் திரும்பப் பொருத்தினாள். எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் எலியை எடுத்துத் திரையில் தொங்கவிட்டு இன்னொரு முறை கணித்தாள். மறுபடி போட்டாள். மறுபடி அதே காமாலை.

எலியை அவள் கையில் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன வாரம் ஆயுத பூஜை. மிக்சி, ஸ்கூட்டர், பிரிண்டர், தையல் மிஷின் என்று வீட்டில் எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். எலியை மட்டும் விடுவானேன் என்று அதற்கும் நடுவில் ஒன்று வைத்தேன். மறுநாள் அவள் பார்ப்பதற்குள் முந்தானையால் துடைத்தும்விட்டேன். வெளியே போயிற்று. அந்தச் சின்னக் குழிக்குள் போனதா என்று யார் பார்த்தது?

எதுவும் தெரியாதவள் மாதிரி போய்க் காபி கலந்தேன். தம்ளரோடு வந்தால், அவள் போனில் பழைய லேப் முதலாளியின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மணி இரண்டு. அதற்குமேல் எனக்கு வாய் அடங்கவில்லை.

"அந்த எலிக்குப் பொட்டு வச்சேன்," என்றேன்.

"எந்த எலிக்கு அத்தை?"

"உன் எலிக்குத்தான். பூஜையன்னிக்கு. அதுக்கு நெத்தி அதுன்னு நெனச்சேன்."

போனைக் கீழே வைத்தாள். எலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் பிடித்தாள். "நெத்தி இல்ல அத்தை, கண்ணு," என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் சந்தனம் காய்ந்திருந்ததால் எலிக்கு உலகமே மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. அது திரையில் நீலத்தை ஏற்றச் சொல்ல, நீலம் பாரித்த திரையை நம்பி இவள் படத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஊற்றியிருக்கிறாள்.

பஞ்சை நனைத்து அவள் துடைக்க, நான் மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றேன். எலி மறுபடி திரையில் தொங்கியது. சிவப்பு, பச்சை, நீலம் என்று வந்து வந்து போயிற்று. பிறகு அவள் புடவையை மடியில் போட்டுக்கொண்டு படத்தைத் திருத்தினாள். மூன்றரைக்குப் பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று ஆரம்பித்தது. விரல்கடை விரல்கடையாகப் பந்தல் வந்தது, பூச்சடை வந்தது, நெற்றிச்சுட்டி வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தோளில் புடவை தெரிந்ததும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அரக்கு. சாட்சாத் அரக்கு.

சரியாக அப்போது வாசலில் ஆட்டோ. முசிறி அம்மா செருப்பைக் கழற்றும்போதே போட்டோவைக் கேட்டார். ட்யூப்லைட்டுக்கு அடியில் புடவையையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எனக்கும் புடவை ஒரு மாதிரி, படம் ஒரு மாதிரிதான் தெரிந்தது.

மருமகள் முகம் செத்துவிட்டது. நான் புடவையைத் தூக்கிக்கொண்டேன். "இந்தப் புடவைய எடுக்கறப்ப கடைக்குள்ள ட்யூப்லைட்ல பாத்தா எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வாசலுக்குக் கொண்டாந்து வெயில்லதான் பாத்தோம்."

"அப்ப இதையும் வெயில்ல பாருங்க."

உத்தர வீதியில் மாலை வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. நடுத் தெருவில் நின்றுகொண்டு அந்த அம்மா முந்தானையைப் படத்தின்மேல் விரித்தார். புடவை எங்கே முடிகிறது, பேப்பர் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் முகம் மலர்ந்ததும் எனக்கு அங்கேயே கும்மி அடிக்கலாம் போலிருந்தது.

ஆனால் விடவில்லை அவர். மருமகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், எல்லாருக்கும் கேட்கிற ரகசியமாக, "மாப்பிள்ளைய மட்டும் கொஞ்சம் வெளுத்துக் குடும்மா," என்றார்.

மருமகள் தயங்கினாள். ஒரு சொடுக்கில் செய்துவிடலாம். ஆல்பமும் கைக்கு வந்துவிடும்.

"மாப்பிள்ளைய வெளுத்தா வேட்டியும் காணாமப் போயிரும்ங்க," என்றாள் மெதுவாக. "அவர் நெறம் இதுதாங்க. நான் மாத்தல."

முசிறி அம்மா படத்தைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினார். அதுவரை பேசாத பெண் நடுவில் வாங்கிக்கொண்டாள். வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"எம்மா, அவரு இப்பிடித்தான் இருப்பாரு. எனக்கு இப்பிடியே வேணும்."

அம்மா மகளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். புடவையை மடிக்க ஆரம்பித்தார். மடித்து முடித்துவிட்டு, மொத்த ஆல்பத்துக்கும் எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

மருமகள் வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. சரி, நாமாவது சொல்வோமே என்று, ஒரு வாரத்தில் ஆகிவிடும் என்றேன்.

"இருவது நாளுங்க," என்றாள் அவள். குரல் நன்றாகவே வந்துவிட்டது.