காதுக்குப் பின்னால் கேட்ட சத்தம்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் காது மந்தம். ஒருவர் அப்பா, இன்னொருத்தி நான். அப்போது நான்காம் வகுப்பில் இருந்தேன். திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் அம்மா. எதையும் அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டும், இரண்டாவது தடவை தெருவுக்கே கேட்கும். "ஒண்ணுக்கு ரெண்டா வந்து வாச்சிகீது எனக்கு" என்று பக்கத்து வீட்டில் அவள் அலுத்துக்கொள்வது மட்டும் எப்படியோ என் காதில் விழுந்துவிடும்.

அப்பாவுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஒரு ராட்சத சம்மட்டி இயந்திரம் அடித்து வடிவமாக்கும். அதன் பக்கத்திலேயே பல வருஷம் நின்றவர். எனக்கோ சளி பிடித்தால் காதில் சீழ் வடியும், வலது காதில் அதிகம். அவரிடமிருந்துதான் இது எனக்கு வந்தது என்று நம்பினேன். அவருடைய மூக்கு எனக்கு வந்ததைப்போல. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை அம்மா எங்கள் இரண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காது டாக்டர் ஒரு பெண். சீழைத் துடைத்துவிட்டு, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து இரண்டு கால் முளைத்த கரண்டிபோல ஓர் இரும்பை எடுத்துத் தன் முழங்கையில் தட்டி, என் வலது காதருகே நீட்டினார். ஏதோ அடுத்த தெருவில் முனகியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். மறுபடி தட்டி, அதன் அடிக்கட்டையைக் காதுக்குப் பின்னாலிருந்த எலும்பில் ஊன்றினார்.

நான் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன். ரீங்காரம் ஒன்று தலைக்குள் நிறைந்து, பல்வரைக்கும் இறங்கியது. அவ்வளவு சுத்தமான சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. பஞ்சு அடைத்த உலகத்திலிருந்து யாரோ என்னை வெளியே தூக்கியதுபோல் இருந்தது. அடுத்து நடந்தது அதைவிட அதிசயம். நடு நெற்றியில் வைத்தார். சத்தம் நேராக வலது பக்கம் ஓடியது.

"டாக்டர், கெட்ட காதுலதான் ஜாஸ்தி கேக்குது!"

"அதுதான் நல்ல சேதி" என்று சிரித்தார். "செவிப்பறையில ஓட்டை இருக்கு. சத்தம் உள்ள போற வழியிலதான் கோளாறு. கேக்கற இடம் உள்ள பத்திரமா இருக்கு. ஓட்டைய அடைச்சிரலாம்."

அப்பாவின் முறை வந்தது. காதருகே வைத்தால் கொஞ்சம் கேட்டது. எலும்பில் வைத்தபோது அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. என் தலைக்குள் நிகழ்ந்தது அவருக்கும் நிகழும் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு தடித்த ஓர் அறையில் உட்காரவைத்தும் சோதித்தார்கள். டாக்டர் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"உங்களுக்கு வழியெல்லாம் சரியா இருக்கு. உள்காதுல சத்தத்தைப் பிடிக்கிற நுண்ணிய மயிர் மாதிரி இருக்கும். பெருஞ்சத்தத்துல அது அழிஞ்சிபோச்சு. திரும்ப முளைக்காது. மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். குழந்தைங்க பேச்சு, ச, ஸன்னு வர்ற எழுத்து. எப்போலருந்து இப்படி?"

அப்பா என்னைக் கைகாட்டினார். "இது பொறந்தப்ப அழுதது நல்லா கேட்டுச்சி டாக்டர். பேச ஆரம்பிச்சப்போதான் ஒண்ணும் வெளங்காம பூடுச்சி."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆஸ்பத்திரியில் புழுக்கம் அதிகம் என்று நினைத்தேன். இருவருக்கும் ஒரே வியாதி இல்லை என்பது மட்டும்தான் எனக்கு உறைத்தது. அது ஏமாற்றமாக இருந்தது.

விடுமுறையில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. காதுக்கு மேலேயிருந்து மெல்லிய சவ்வு ஒன்றை எடுத்து ஓட்டையில் ஒட்டினார்கள். சில வாரம் கழித்து உள்ளே வைத்திருந்த பஞ்சை எடுத்தபோது, டாக்டர் தாளில் எழுதும் சத்தம் கேட்டது. பேனாவுக்குச் சத்தம் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவின் வளையல், மின்விசிறி, யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது என்று ஒவ்வொன்றும் புதிதாக வந்து சேர்ந்தது. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கேதான் அப்பாவுக்கும் காது மிஷின் மாட்டிப் பார்த்தார்கள். பொருத்தியவர் அதைத் திருகிச் சரிசெய்துவிட்டு, "பாப்பா, அப்பாவுக்குப் பின்னாடி நின்னு ஏதாவது சொல்லு. கத்தாம சாதாரணமா சொல்லு" என்றார்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "அப்பா, பசிக்குது" என்றேன்.

அவர் திடுக்கென்று திரும்பினார்.

"இன்னா சொன்ன?"

"பசிக்குது."

"இன்னொரு தபா சொல்லு."

"பசிக்குதுப்பா."

"பசிக்குதுன்றா இல்ல, வாய்யா, எதுனா வாங்கிக் குடு" என்றாள் அம்மா. அவர் நாற்காலியைவிட்டு நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தபா" என்றார்.

மிஷின் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பலங்கொண்ட மட்டும் கத்தினேன். அவர் பதறிக் காதைப் பொத்திக்கொண்டார்.

"கத்தாதம்மா. கேக்குது. மெள்ளவே சொல்லு."

கேட்கிறது என்கிறார், எழுந்து வரவும் மாட்டேன் என்கிறார். பசிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு இது என்ன விளையாட்டு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.